கனமான கருவியும் பெண்ணின் தோளும்

பேண்டு வாத்தியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை முரசும் பியூகிளும் புல்லாங்குழலுமே. இவற்றை ஏந்தி மைதானத்தை இருமுறை சுற்றி வந்தாலே, “அம்மாடி, கை வலிக்கிறது!” என்று நாங்கள் அலுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு நிகரான எடையுள்ள ஊதுகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அணிவகுத்து நடந்தபடியே ஊதுகிறவர்களும் உலகில் உண்டு. அக்கருவியின் பெயர் சூசாஃபோன். அதைப் பற்றிப் படித்தபோது எங்கள் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க மரைன் படையின் இசைக்குழுவுக்கு 1880 முதல் 1892 வரை தலைமை வகித்தவர் ஜான் பிலிப் சூசா. அந்நாளில் உடலைச் சுற்றி அணியப்பட்ட ஹெலிகான் என்னும் கருவியின் ஓசை அவருக்கு நிறைவளிக்கவில்லை. அடிநாதம் ஒரு பக்கமாகப் பாயாமல், மேலெழுந்து குழு முழுவதன்மீதும் பரவ வேண்டும் என அவர் விரும்பினார். அவ்விருப்பப்படி 1893-இல் பிலடெல்பியா நகரில் ஜே. டபிள்யூ. பெப்பர் நிறுவனம் முதல் சூசாஃபோனைச் செய்தது. 1898-இல் கான் நிறுவனமும் செய்தது. தொடக்கத்தில் அதன் அகன்ற வாய் வானத்தை நோக்கி இருந்ததால், ‘மழைநீர் பிடிப்பது’ என்று வேடிக்கையாக அழைத்தார்களாம்! பிற்காலத்தில்தான் அவ்வாய் முன்புறம் திரும்பியது.

இக்கருவியின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 18 அடி நீளம் வரும். பித்தளையில் செய்தவை பொதுவாக 13 கிலோவிலிருந்து 20 கிலோ வரை எடையுள்ளவை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்ட மிகப் பெரிய கருவிகளே இவற்றுள் மிகவும் கனமானவை. அவற்றின் ஆழ்ந்த, உருண்டு திரண்ட நாதத்துக்காகவே இன்றும் சிலர் அவற்றைத் தேடி வாங்கி, நெளிவுகளை எடுத்துச் சீர்செய்து வாசிக்கின்றனர்.

அந்த நாதத்துக்கு உடல் கொடுக்கும் விலை சிறிதன்று. எடையின் பெரும்பகுதி இடது தோளில் இறங்குகிறது. அதனால் கழுத்தும் முதுகும் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. தாழ்ந்த சுரங்களை ஊத மிகுதியான காற்று வேண்டும். தோளை அழுத்தும் பாரமோ நிமிர்ந்து மூச்சிழுக்க விடுவதில்லை. போதாக்குறைக்குத் தலைக்குமேல் விரிந்த அகன்ற வாயில் எதிர்க்காற்று மோதினால், பாய்மரத்தைப் பிடித்து இழுப்பதுபோல் ஆளையே திருப்பிவிடும்.

இத்தகைய கருவி பெண்களுக்கு ஏற்றதன்று என்று நெடுங்காலம் எண்ணப்பட்டதில் வியப்பில்லை. ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தின் பேண்டுக் குழு 1936 முதல் மைதானத்தில் ‘ஒஹாயோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வடிவில் நடந்து காட்டுகிறது. அதில் ‘ஐ’ எழுத்தின் புள்ளியாக நிற்கும் பெருமை சூசாஃபோன் வாசிப்பவருக்கு உரியது. அவர் கருவியை அணிந்தபடியே இருபுறமும் ஆழ்ந்து குனிந்து வணங்குவார். அக்குழுவில் மாணவியருக்கு இடம் கிடைத்தது 1973-இல்தான். கல்வி நிலையங்களில் ஆண், பெண் வேற்றுமை கூடாது என 1972-இல் அமெரிக்காவில் சட்டம் வந்த பின்னரே அக்கதவு திறந்தது.

இங்குதான் எங்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. தெருக்குழாயிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் வைத்து வீடு சேர்க்கும் சிறுமியைப் பார்த்து, “இது உனக்குப் பாரம், வேண்டாம்” என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? வேலை என்றால் தாங்கும் உடல், இசை என்றாலும் விளையாட்டு என்றாலும் மட்டும் மென்மையாகிவிடுமா? பாரத்தைக் காட்டிப் பெண்ணை விலக்குவது நியாயமன்று.

அதேபோல், பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைப்பதும் வீரமன்று என்பது எங்கள் கருத்து. குடத்தை எங்கே வைத்தால் இடுப்பு தாங்கும் என்பதை நம் அன்னையர் பழக்கத்தால் அறிந்துள்ளனர். இக்கருவிக்கும் அத்தகைய அறிவே வேண்டும். தோளில் கெட்டியான மெத்தை வைக்கலாம். முதல் நாள் ஐந்து நிமிடம், பின்னர் பத்து நிமிடம் எனப் பழகலாம். பலர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் மூச்செடுக்க மற்றவர் ஊதலாம். கேட்போர்க்கு நாதம் அறுபடாது. இடையிடையே கருவியை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்தலாம். 1960-களில் கண்ணாடியிழையால் செய்த இலேசான சூசாஃபோன்கள் பரவின. பித்தளையின் நாதம் அவற்றில் முழுமையாக வராது என்பார்கள். எனினும் வளரும் உடலுக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் இழிவொன்றுமில்லை. தோள் கெட்டபின் நாதம் எதற்கு?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். அம்மியை நகர்த்தத் தெரிந்த கைகளுக்குப் பித்தளைக் குழாய் எம்மாத்திரம்? அன்புப் பெற்றோரே, ஆசிரியைகளே! கனமான ஒன்றை எங்கள் மகிழ்ச்சிக்காக நாங்கள் தூக்க விரும்பும்போது, “உன்னால் ஆகாது” என்று தடுக்காதீர்கள். “எப்படியாவது தாங்கு” என்று விட்டுவிடவும் வேண்டாம். தாங்கும் வழியைக் கற்றுத் தாருங்கள். மீதியை எங்கள் தோள்கள் பார்த்துக்கொள்ளும்.