முதுகு வலியும் மாத்திரைப் பொட்டலமும்

"இரண்டு போட்டுக்கொண்டு மரத்துக்குப் போ!"

நம் தோட்டங்களில் வேதவாக்கியத்திற்கு ஒப்பாக வழங்கி வரும் வாக்கியம் ஒன்று உண்டென்றால் அஃது இதுவேயாகும். பெரட்டுக் களத்தில் மண்டோர் இதைச் சொல்லுகிறார். வீட்டில் தாய் மகனுக்குச் சொல்லுகிறாள். சாமான் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொல்லுகிறார். ஆபீசில் கிராணியும் சொல்லுகிறான். எதை இரண்டு போடுவது, காலையில் எத்தனை போட்டாய், வேறென்ன மருந்து உண்கிறாய் என்று கேட்பார் ஒருவருமில்லை. இவ்வாக்கியத்தை மறுத்து எழுதுவதே என் நோக்கம்.

"கிராணிக்கு வைத்தியத்தில் என்ன அதிகாரம்?" என்று வினவும் அன்பர்களுக்கு என் விடை இது. ஆறு ஆண்டுகளாக என் முதுகு என்னைத் தூங்கவிட்டதில்லை. நாற்காலியில் அமர்ந்து செக்ரோல் எழுதுபவனுக்கு ஏது முதுகு வலி என்று நகைப்போர் உளர். நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருப்பதும் முதுகெலும்பின் வட்டுகளை வருத்தும் என்பதை அவர் அறியார். இது முதல் அதிகாரம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிந்தவன் என்று லயத்தில் பாதிப் பேர் தங்கள் பொட்டலங்களை என்னிடமே கொண்டு வருகின்றனர். இஃது இரண்டாவது. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல நா கூசுகிறது, ஆயினும் சொல்லுவேன்.

செம்பனைத் தோட்டத்து வேலையை அறியாத பட்டணத்து வாசகர்களுக்குச் சிறிது விளக்குதல் நலம். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேல் அண்ணாந்து குலையை அறுக்க வேண்டும். குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்குவோர் பெரும்பாலும் பெண்கள். களைக்கொல்லி அடிப்பவரோ நிறைந்த தோம்பை முதுகில் சுமந்தே நிரை நிரையாக நடக்கின்றனர். ரப்பர்க் காலத்தில் பால் வாளி சுமந்த தோள்களின் பிள்ளைகள் இன்று இந்தச் சுமையில் இருக்கின்றனர். அவர்களோடு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களும் அதே வலியில் இருக்கின்றனர். உலகம் முழுவதிலும் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 62 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர் என்று கணக்கிட்டுள்ளனர். இத்தனை கோடிப் பேருக்கும் பொதுவான ஒன்றைத் தலைவிதி என்று சொல்லித் தட்டிக் கழிப்பது எத்தகைய அறிவு?

இனி அந்த மூன்றாவது அதிகாரம். உதிரிப்பழம் பொறுக்கும் அம்மையார் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், மாதக் கடைசியில் ஆபீசுக்கு வந்து நின்றார். "தம்பி, இடுப்பு ஒடியுது, இன்னைக்கு மட்டும் விடுங்க" என்றார். ஆள் பற்றாத நாள். நான் என் மேசை அறையைத் திறந்து எனக்கென வைத்திருந்த வலி மாத்திரையில் நான்கை எடுத்துக் கொடுத்து, "இரண்டு இப்போது போடுங்க அக்கா, இரண்டு ராத்திரிக்கு" என்றேன். பெரிய மனத்தோடு கொடுத்ததாகவே எண்ணிக்கொண்டேன். அவரும் கும்பிட்டுப் பெற்றுக்கொண்டு வேலைக்குச் சென்றார். அதன் பின்னும் இருமுறை கேட்டார், இருமுறையும் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அவர் நிரையில் மயங்கி விழுந்தார். மலம் தார்போல் கறுத்துப் போனதை நாணத்தால் எவரிடமும் சொல்லாதிருந்தாராம். ஆஸ்பத்திரியில் வயிற்றினுள் குழாய் செலுத்திப் பார்த்து, புண்ணிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டனர். பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் கொடுத்த வலி மாத்திரையை அவர் ஏற்கெனவே உண்டு வந்திருக்கிறார். கடையில் வாங்கிய வேறொன்றையும் உண்டிருக்கிறார். அவற்றின் மேல் என் தர்மம். பெயர் மூன்று, நிறம் மூன்று. மருந்தின் இனமோ ஒன்றே. அவருக்கு எழுத்து வாசனை இல்லை. எனக்கு உண்டு. எங்கள் இருவரில் குற்றவாளி எவர் என்பதைத் தோழர்களே முடிவு செய்யலாம்.

பிழைத்தார். அதன் பிறகுதான் அந்த ஆங்கிலத் தாள்களை நான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தோர் ஷேக்ஸ்பியரைப் படிப்பித்தனர். மாத்திரைத் தாளைப் படிப்பிக்கவில்லை!

டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் ஆகியன ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நம் சரீரம் காயத்திற்கும் வீக்கத்திற்கும் எதிர்வினையாகப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை உண்டாக்குகிறது. வலி மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம். இம்மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன, வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. காவலாளியைக் கட்டிப் போட்டுவிட்டு வீடு பத்திரமாயிருக்க வேண்டுமென்றால் எப்படி? ஆகவே இக்குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே அழைக்க வேண்டும்; உணவுக்குப் பின் உண்ண வேண்டும்; குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை நாடு தழுவிய உடல்நல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அப்படியிருக்க, நம் வீடுகளில் இம்மாத்திரைகள் சர்க்கரை டப்பாவுக்கு அருகில் மிட்டாய்போல் கிடக்கின்றன.

நாம் எல்லோரும் பேனடோல் என்று அழைக்கும் பாரசிட்டமோல் வேறு இனம். வயிற்றுக்குச் சாது, கல்லீரலுக்கு அப்படியன்று. வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் 8, அதுவே உச்ச வரம்பு. மது அருந்துவோருக்கும் மெலிந்த தேகத்தினருக்கும் அதிலும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாரசிட்டமோல் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிப்பார் இல்லை. அன்றியும், 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இம்மருந்து, மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட விரைவாகக் குணம் தரவில்லை என்று கண்டனர். அடுத்தது டிராமடோல். அபினியின் தூரத்து உறவினன். தலை சுற்றும், மலம் கட்டும், நாள்பட உண்டால் பழகிப்போகும், பழகியபின் திடீரென விட்டால் உடல் நடுங்கும். 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்பு வலிக்கு அபினி இன மருந்துகளை வழக்கமாகக் கொடுத்தல் தகாது என்றே கூறப்பட்டது. உடற்பயிற்சியையும் நோயாளிக்கு அறிவூட்டுதலையும் அது முன் வைத்தது.

இவை யாவும் பெட்டியில் பெயர் எழுதிய மருந்துகள். பெயரில்லா மருந்தின் கதையோ வேறு. பாசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்கப்படும் ஜாமு, மூலிகை மாத்திரை, "மூன்றே நாளில் முதுகு நிமிரும்" காப்பி! உண்டவுடன் வலி பறந்து விடுகிறதென்றால் ஐயுற வேண்டும். இத்தகைய பொருள்கள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டு மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. சில திங்களில் முகம் வட்டமாக உப்புகிறது; கன்னம் பூரிக்கிறது. நாமோ, "அண்ணன் இப்போதுதான் சதை போட்டிருக்கிறார்" என்று மகிழ்கிறோம்! உள்ளே எலும்பு நொய்ந்து, சர்க்கரை ஏறி, சரீரத்தின் சொந்தச் சுரப்பிகள் உறங்கிப் போகின்றன. பின்பு ஒருநாள் பணமின்றி மருந்தை நிறுத்தினால் ஆளே சாய்ந்து விடலாம். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அம்மூன்று எழுத்துகளின் வடிவத்தைக் கண்ணால் பழகிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னதால் நான் மாத்திரையின் பகைவன் என்று எண்ணற்க. "நம் பாட்டன் காலத்தில் மாத்திரை ஏது? பொறுத்துக்கொள்" என்று உபதேசிக்கும் வீரர்களையும் நான் எதிர்க்கிறேன். அவர் பாட்டன் பொறுத்துக்கொள்ளவில்லை, கள்ளுக்கடைக்குப் போனார். ஈயச் சுரங்கத்திலும் ரிக்‌ஷாவிலும் உழைத்த சீனத் தோழர் அபினிக் குழாயைத் தேடினார். 1910இல் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்டு அரசாங்கம் அந்த அபினி வியாபாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு நடத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. உழைப்பவன் வலியை மழுக்கி மறுநாள் வேலைக்கு அனுப்பும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. அன்று பானையில் வந்தது, இன்று பொட்டலத்தில் வருகிறது.

விடுப்புக்கு வழியில்லையோ எனில், உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. ஆயினும் குலைக் கணக்கில் பிழைப்பவன் அதை எடுக்க அஞ்சுகிறான். எடுத்தால் முகம் சுளிக்கும் என் போன்றோர் ஆபீசில் அமர்ந்திருக்கிறோம். நிர்வாகத்தை மட்டும் ஏசுவது எளிது. என் கையெழுத்தும் அந்தச் செக்ரோலில் இருக்கிறதே!

நானும் இன்றளவும் மாத்திரை உண்கிறேன். அம்மையார் விழுந்த மாதம் முதல் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, மாத்திரையின் பெயர், எண்ணிக்கை, அன்று செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வருகிறேன். ஊராருக்கெல்லாம் செக்ரோல் எழுதுபவன் தன் வயிற்றுக்கு ஒன்று எழுதக் கூடாதா? இரண்டு மாதம் எழுதிப் பார்த்தபோது வெட்கமே மிஞ்சியது. வலித்த நாட்களைவிட, வலிக்குமோ என்று அஞ்சிய நாட்களிலேயே மிகுதியாக விழுங்கியிருந்தேன். மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் இரட்டிப்பு. அந்நோட்டை அரசாங்கக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டினேன். ஒரு வெள்ளிக் கட்டணத்தில் கிடைத்த அந்தக் கால்மணி நேரம் ஆறாண்டு மாத்திரைக்கும் மேலானதாயிற்று. மிகுந்த வலியுள்ள நாளில் மட்டும் உணவுக்குப் பின் ஒன்று. அதன் பலன் நிற்கும் வேளையில் படுக்கையில் கிடவாமல் நடத்தல், கற்பித்த பயிற்சிகளைச் செய்தல். வலி போகவில்லை. குனிந்து சப்பாத்து மாட்டுகிறேன். முன்பு என் மனைவி மாட்டிவிட வேண்டியிருந்தது.

அம்மையார் இப்போது நாற்றங்கால் வேலையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை தம் மாத்திரைகள் அனைத்தையும் பழைய மைலோ டின்னில் போட்டு என் மேசைமேல் கொட்டுகிறார். நான் ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன். பெயரே இல்லாத பிளாஸ்டிக் பையில் எது வந்தாலும் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பிப் பெயரை எழுதி வாங்கச் சொல்லுகிறேன். இதனால் சில கிளினிக்காரருக்கு என்மேல் கோபம்.

சென்ற வாரம் மண்டோர் வந்து, "கிராணியாரே, உங்க மேசையிலே இருக்குமே, ரெண்டு கொடுங்க, ஒருத்தன் குனிய மாட்டேங்கிறான்" என்றார். மேசை அறையைத் திறந்து காட்டினேன். விடுப்புப் பாரம் மட்டுமே இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.