குட்டானில் ஒட்டிய பொய்

"சீனி அற்றது. நீரிழிவு நோயாளர் தாராளமாக உண்ணலாம்."

பனங்கட்டிப் பக்கற் ஒன்றின் மேல் பச்சை எழுத்தில் இப்படி அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுப் படகு வரும்வரை ஒதுங்கி நின்ற கடையொன்றில் கண்டது. எனக்கு முன்னால் நின்ற வயதான ஐயா அந்த வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். "இதெண்டால் எனக்கும் பிரச்சினை இல்லையாம்" என்று நாலு பக்கற் வாங்கினார். எத்தனை காலம் இனிப்பை ஒதுக்கி வைத்த மனிதரோ, முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஐயா, அதுவும் சீனிதான். டொக்டரிட்டக் கேட்டுட்டுச் சாப்பிடுங்கோ" என்றேன். "பக்கற்றில போட்டிருக்குத்தானே தம்பி" என்றார். படகு வந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உண்மையில் இந்தக் கிழமை எழுத நினைத்தது வேறு. நாங்கள் பிளேன்ரீக்குப் போடுகிற மூன்று கரண்டிச் சீனியைப் பற்றி எழுதியதிலிருந்து வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சீனிக்குப் பதிலாக அந்தச் சின்னக் குளிசையைப் போடலாமா? வேலணையில் ஒரு அக்கா, மகள் கனடாவிலிருந்து அனுப்பிய டப்பியையே கொண்டுவந்து காட்டினா.

அந்தக் குளிசைகளில் மூத்தது சக்கரின். 1879 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களோடு வேலைசெய்த கொன்ஸ்டன்டின் பால்பேர்க், சாப்பாட்டு மேசையில் தன் கையே இனிப்பதைக் கண்டு தேடிப் பிடித்தது. முதலாம் உலகப் போரில் சீனிக்குத் தட்டுப்பாடு வர, ஐரோப்பியச் சனம் அதற்குப் பழகியது. பிறகு எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததென்று 1977 இல் பெரிய கலக்கம். எலியில் நடந்தது மனித உடலில் நடப்பதில்லை என்று தெளிந்து, சக்கரின் பக்கற்றுகளில் போட்டிருந்த எச்சரிக்கை வாசகத்தை 2000 இல் அமெரிக்காவில் எடுத்தார்கள்.

அஸ்பார்டேம் என்ற இன்னொரு செயற்கை இனிப்பைப் பற்றிய பயம் அண்மையில் கூடியது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளது என்ற வகையில் அதைச் சேர்த்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு நாளில் ஒன்பது முதல் பதினான்கு ரின்னுக்கு மேல் சீனியில்லாக் குளிர்பானம் குடிக்க வேண்டும். முதல் செய்தி எல்லாருடைய தொலைபேசிக்கும் வந்தது, இரண்டாவது வரவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு மே மாதம் வந்த அறிவுரை. உடம்பைக் குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்பாதீர்கள் என்றது உலக சுகாதார நிறுவனம். நெடுங்காலத்தில் கொழுப்பு குறைந்ததாகக் காணவில்லை. கூடுதலாகப் பாவித்தவர்களிடம் நீரிழிவும் இருதய நோயும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் நோய்க்கு ஏற்கெனவே நெருக்கமானவர்கள்தான் இதைக் கூடுதலாகப் பாவிக்கிறார்களா என்ற சந்தேகம் தீராததால், அறிவுரையை உறுதியாக அல்லாமல் நிபந்தனையோடுதான் சொன்னார்கள். நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே வேலணை அக்காவுக்கு என் பதில் இது. உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது, இனிப்பில்லாமல் தேத்தண்ணி இறங்காது என்றால், சீனியைவிட அந்தக் குளிசை நல்லது. குளிசையைப் போட்டுவிட்டுக் கேக் சாப்பிடலாம் என்று கணக்குப் பண்ணாதீர்கள். பேரப்பிள்ளைக்கு மட்டும் பழக்க வேண்டாம். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் போடுகிற பச்சை வட்டத்தைக் கண்டு, நல்லது என்று வாங்கிக் கொடுக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். 100 மில்லிலீற்றருக்குள் சீனி 2 கிராமுக்குக் குறைவு என்பதைத்தான் அந்த வட்டம் சொல்கிறது. நாக்கு எவ்வளவு இனிப்புக்குப் பழகுகிறது என்பதை எந்த வட்டமும் சொல்லாது.

இனி அந்தப் பக்கற்றுக்கு வருகிறேன்.

பனங்கட்டியின் முக்கால் பங்குக்கு மேல் சுக்குரோஸ். கடையில் நிறுத்துத் தருகிற வெள்ளைச் சீனியும் அதே சுக்குரோஸ்தான். இதற்கு ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. கல்லாக்காரம் என்கிற பனங்கற்கண்டு காய்ச்சும் வீட்டில் பாகுப் பானைக்குள் நூலைத் தொங்கவிட்டு மூடி வைப்பார்கள். கிழமைக் கணக்கில் கழித்துத் திறந்தால் நூல் முழுக்கப் பளிங்கு கட்டியிருக்கும். அந்தப் பளிங்கு சுக்குரோஸ். இரும்புச் சத்தும் பொட்டாசியமும் பனங்கட்டியில் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத் தாராளமாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறும்.

"அந்தக் காலத்தில பனங்கட்டி கடிச்ச சனத்துக்குச் சலரோகம் வரேல்லையே" என்று கேட்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை நினைத்துப் பாருங்கள். தீவுப்பகுதிச் சனம் வீடு வாசலை விட்டு வலிகாமத்தில் ஒண்டியிருந்த காலம். சீனி தங்கவிலை. ஐரோப்பா தன் போர்க்காலத்தில் சக்கரினுக்குப் போனது, நாங்கள் பனைக்குப் போனோம். சாயத் தண்ணியை ஒரு கையிலும் பனங்கட்டியை மற்றக் கையிலும் வைத்துக் கடித்துக் கடித்துக் குடித்தோம். கடித்த துண்டு பெருவிரல் நகத்தளவு. அது அடுத்த வேளைக்கும் வர வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கூடச் சிலருக்குத்தான், மற்றவர்கள் நடந்தோம், சைக்கிள் உழக்கினோம். அன்றைக்கு எங்களைக் காத்தது பனங்கட்டி இல்லை, அது குறைவாகக் கிடைத்ததுதான்.

நோயாளியை ஏமாற்றுவது ஒரு குற்றம். அந்தப் பக்கற்றில் இன்னொன்றும் இருந்தது. நானும் ஒன்றை வாங்கி உடைத்துப் பார்த்தேன். வெளிறிய நிறம், கல்லுப் போல இறுக்கம், வாயில் வைத்தால் பனையின் வாசமே இல்லை. வெள்ளைச் சீனி தாராளமாகச் சேர்ந்தது. சீனி கலந்த பொருளுக்குச் சீனி அற்றது என்று பேர்.

ஏன் கலக்கிறார்கள் என்பதை நெடுந்தீவில் ஒரு வீட்டின் பின்வளவில் நின்று பார்த்தேன். புருஷன் காலையில் இறக்கிய கருப்பநீரை அந்த அக்கா தெளியவிட்டு, அடியில் படிந்த சுண்ணாம்பு கலங்காமல் மெல்லச் சரித்துத் தாச்சியில் வடித்தா. முட்டியின் உட்புறம் பூசுகிற அந்தச் சுண்ணாம்புதான் நீர் புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது. கூடினால் கட்டி கறுத்துக் காறும், குறைந்தால் நீர் கெட்டுவிடும். பனை மட்டையும் ஊமலும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சினா. நுரை பொங்கிப் பொங்கி இறங்கியது. பாகு பழுப்பேறியபோது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தா. உருண்டு நின்றது. இறக்கி வைத்து அகப்பையால் ஓயாமல் கிண்டி, ஓலைக் குட்டான்களில் வார்த்தா. ஏழெட்டு லீற்றர் கருப்பநீருக்கு ஒரு கிலோவளவுதான் தேறும்.

"சீனி போட்டால் கெதியா இறுகும் தம்பி, நிறையும் கூடும். போடாட்டி இப்பிடித்தான் நிண்டு கிண்ட வேணும்" என்றா. போடாதவ. ஆனால் சீனி கலந்த கட்டி விற்கிற விலைக்கே தன்னுடையதையும் கேட்கிறார்களாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே பாளை, அதே ஏற்றம். சுண்ணாம்பு பூசாமல் விட்டால் பொழுதுக்குள் அது கள். விறகு வேண்டாம், கிண்ட வேண்டாம், தவறணையில் அன்றைக்கே காசு. கருப்பநீருக்கு இறக்குகிறவர் அந்தக் காசை விட்டுத்தான் இறக்குகிறார். காலையும் மாலையும் தளநாரைக் காலில் மாட்டி, பாளைக் கத்தியோடு ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் பாளை காய்ந்துபோகும். விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? அந்தத் தொழிலைச் செய்கிறவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்த ஊர்தான் இது. அதனால்தான் அவர்களின் பிள்ளைகள் மரத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் வேறு வேலைக்குப் போகிறார்கள். போனது சரிதான் என்பேன்.

பெர்குசனின் புத்தகத்தை இந்த வாரமும் எடுத்துப் பார்த்தேன். பழைய வாசகர்கள் அறிவார்கள்: வில்லியம் பெர்குசன் 1850 இல் இலங்கைப் பனையைப் பற்றி எழுதி கொழும்பில் வெளியிட்டது. பனைக்கு 801 பயன் என்று பாடிய தால விலாசத்தை ஆங்கிலம் படித்த உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். எனக்கு மிகப் பிடித்த புத்தகம். அந்த 801 என்ற எண்ணில் எனக்கு இப்போது ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் மேடைகளில் கற்பகதரு, கற்பகதரு என்று முழங்கி அந்த எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். கேட்டால் மரம் தானாகவே அள்ளித் தந்தது போலிருக்கும். ஏறி இறக்கினவரின் பேரும் காய்ச்சினவவின் பேரும் ஒரு மேடையிலும் வருவதில்லை. அந்த முழக்கத்தின் கடைக்குட்டிதான் பக்கற்றில் ஒட்டிய வாசகமும். பனை என்றால் எல்லாம் மருந்து, ஆகவே எதையும் எழுதலாம்.

1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. சந்தையில் விற்கும் பனங்கட்டியை எடுத்துச் சோதித்து, எதில் வெள்ளைச் சீனி எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லட்டும். கலப்பில்லாததற்கு ஒரு முத்திரை கொடுத்து, எந்த ஊர், எந்த மாதம் காய்ச்சியது என்று போடட்டும். நீரிழிவு பற்றிய வாசகத்தைச் சட்டத்தால் தடுக்கட்டும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்புறுதி, அதன் தவணை அந்த முத்திரையின் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களே, ஒரு குட்டானுக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். நெடுந்தீவு அக்காவின் புருஷன் முழங்கால் நோவால் இந்தப் பருவம் பாதி மரத்தைத்தான் சீவுகிறார். "வாற வருசம் காய்ச்சிறதோ தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாச்சிக்கு விறகு தள்ளினா.