பிளே ரூம் சாவி யாரிடம் இருக்கிறது?

"சாப்பிடலைன்னா டாக்டர் மாமா வந்து ஊசி போட்டுடுவார்!" இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாராவது உண்டா? வீட்டில் இப்படிப் பயமுறுத்தியே வளர்க்கிறோம். ஒருநாள் நிஜமாகவே காய்ச்சல் வந்ததும், அதே டாக்டர் முன்னால் உட்காரவைத்து, "வலிக்கவே வலிக்காது" என்கிறோம். குழந்தை எப்படிங்க நம்பும்?

சில மாதங்களுக்கு முன் என் அக்கா மகன் டெங்கு காய்ச்சலோடு ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். நாலு வயசு. வார்டு சுவர் முழுக்க சோட்டா பீம், டோரா. வராண்டா கடைசியில் 'பிளே ரூம்' என்று ஒரு போர்டு, கதவில் பூட்டு. சாவி கேட்டால், "டே டியூட்டி மேடம்கிட்ட இருக்கும்" என்றார்கள். மேடமோ, "திறந்துவிட்டா யார் பார்த்துக்கறது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஐந்து நாளும் அந்தக் கதவு திறக்கவில்லை. ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் இரண்டு பேர் அவன் கையைப் பிடிக்க, ஒருவர் காலை அமுக்க, அக்கா வெளியே நின்று அழுதுகொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் இரவு டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர், ஊசி இல்லாத சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்டர் மூன்றையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பையன் தன் யானை பொம்மைக்கு வென்ஃப்ளான் போட்டான், டிரிப்ஸ் ஏற்றினான், "ஆடாம இரு!" என்று அதட்டவும் செய்தான். மறுநாள் காலை ரத்தம் எடுத்தபோது அழுதான்தான். ஆனால், கையை அவனே நீட்டினான்.

இதில் மாயம் எதுவும் இல்லை. மருத்துவமனையில் ஒரு குழந்தையை வலி அளவுக்கு வாட்டுகிற இன்னொரு விஷயம், எதுவுமே தன் கையில் இல்லை என்பது. எப்போ தூங்கணும், எப்போ சாப்பிடணும், யார் தொடலாம் எல்லாமே மற்றவர்கள் முடிவு. விளையாட்டில் மட்டும்தான் அவன் டாக்டர், யானை பேஷன்ட். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதும் விளையாடும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

இதை உலகம் புரிந்துகொள்ளவே நாளானது. பிரிட்டனில் ஒருகாலத்தில் அட்மிட் ஆன குழந்தையைப் பெற்றோர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே பார்க்க முடியும். 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆபரேஷனுக்காக எட்டு நாள் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும், அரசு அமைத்த பிளாட் கமிட்டி, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க 1959-ல் சொன்னது. இன்று அங்கே குழந்தைகளோடு விளையாடுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு 'சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர். பொம்மையை வைத்து ஆபரேஷனை விளக்குவது, ஊசி போடும்போது சோப்புக் குமிழி ஊதவைப்பது எல்லாம் இவர்கள் டியூட்டி. இவர்கள் கறாராகப் பின்பற்றும் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிளே ரூமுக்குள் ஊசி வரக்கூடாது. அந்த ஒரு இடமாவது குழந்தைக்குப் பயமில்லாத இடமாக இருக்கணும்.

ஸ்கேன் மெஷினே விளையாட்டான கதையும் உண்டு. ஜி.இ. நிறுவனத்தின் டிசைனர் டக் டீட்ஸ், தான் வடிவமைத்த எம்.ஆர்.ஐ. மெஷினைப் பார்த்து ஒரு சிறுமி நடுங்கி அழுததை நேரில் பார்த்தார். அதன்பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறை கடற்கொள்ளையர் கப்பலானது. ஸ்கேன் முடிந்த ஒரு குழந்தை, "நாளைக்கும் வரலாமா?" என்று அம்மாவிடம் கேட்டதாம். மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்தது. மயக்க மருந்து என்றால் வெறும் வயிறு, மயக்கவியல் மருத்துவர், பிறகு கண்காணிப்பு. விளையாட்டுக்குச் செலவு செய்ய யோசிக்கும் நிர்வாகங்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

'அதான் போன் இருக்கே' என்கிறீர்களா? ஊசி குத்தும் அந்த நிமிடத்துக்குக் கார்ட்டூன் உதவும், மறுக்கவில்லை. ஆனால், போனில் குழந்தை வெறும் பார்வையாளர். யானைக்கு ஊசி போட்டபோது கிடைத்த அதிகாரம் ரீல்ஸில் கிடைக்காது.

குழந்தைகளின் விளையாட்டு உரிமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை வார்டுகளில் 'தி லிட்டில் தியேட்டர்' அமைப்பின் கோமாளிகள் குழந்தைகளைச் சிரிக்கவைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால், விளையாட்டுக்கென ஒரு சம்பளப் பதவி நம் ஊரில் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை. பெயின்ட் அடிக்கப் பட்ஜெட் இருக்கிறது, விளையாட ஆள் போடத்தான் இல்லை. வார்டு முழுக்க ஓடும் சிஸ்டர்கள் தலையில் இதையும் கட்டுவது நியாயமும் இல்லை.

பதவி வரும்வரை நம்மால் முடிந்தது சில உண்டு. ஊசி போடும்போது குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல், மடியில் அணைத்து உட்காரவைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்க. "வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்ச நேரம் வலிக்கும், நான் இருக்கேன்" என்று சொல்லுங்க. பொம்மை எடுத்துப்போவதாக இருந்தால், கழுவித் துடைக்கக்கூடியதாக இருக்கட்டும். குறிப்பாக, கீமோ எடுக்கும் குழந்தைகளுக்குத் தொற்று எளிதில் வரும் என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்க.

அட்மிஷன் போடும்போது ரூம் வாடகை, ஏ.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் கேட்போம் இல்லையா? கூடவே இதையும் கேட்டுவையுங்க: "பிளே ரூம் எத்தனை மணிக்குத் திறப்பீங்க? உள்ளே யார் இருப்பாங்க?"