திருவொற்றியூர்ல ஏதுடா ஐஸ்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார்ல மாட்டியிருக்கீங்களா? அடுத்த தடவை ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. ஏசியைப் போட்டதும், வண்டி நகராமலேயே முள் லேசா ஏறும். கூடுதல் சுமையில எஞ்சின் ஆஃப் ஆகிடாம இருக்க, ஐடில் வேகம் கூடுது.

ஜெட் எஞ்சின்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆன்டி-ஐஸ் போட்டா, கம்ப்ரஸர்ல இருந்து சூடான காற்று பிரிஞ்சு எஞ்சின் வாயோட விளிம்புக்குப் போகும். ஆனா ரன்வேயை நோக்கி டாக்ஸி பண்ணும்போது எஞ்சின் ஐடில்ல இருக்கு. அந்தக் காற்றுக்கு அழுத்தமும் சூடும் கம்மி. அதனால ஏ320 மாதிரி விமானங்கள்ல தரை ஐடிலே உயருது, கூடவே உந்துவிசையும். வழுக்குற டாக்ஸிவேல பைலட்டுக்கு இது கூடுதல் தலைவலி.

நம்ம செட்ல பேச்சு என்ன? "திருவொற்றியூர்ல எவன்டா ஐஸ் பார்த்தான்? ரெண்டு மார்க், விடு மச்சி." எனக்கு இதுல உடன்பாடில்லை. ஐஸ் கண்ணுக்குத் தெரியணும்னே இல்ல. வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதுக்குக் கீழ, கூடவே அடர்ந்த மூடுபனியோ மழையோ இருந்தா ஆன்டி-ஐஸ் போடணும்ங்கறது வழக்கமான விதி. தண்ணி உறையறது பூஜ்ஜியத்துல, அப்புறம் ஏன் 10? இன்டேக்ல காற்று வேகமெடுக்கும்போது அழுத்தமும் வெப்பநிலையும் விழும். நாம படிச்ச தெர்மோதான். டெல்லியோட ஜனவரி மூடுபனிக் காலை இந்த விதிக்குள்ள வந்துடும். மீனம்பாக்கத்துல வேர்வையோட கிளம்பின விமானம் சுமார் மூணு மணி நேரத்துல அங்கே நிக்கும்.

"எரிபொருள் வீண்தானே, டேக்ஆஃபுக்கு முன்னாடி போட்டா போதாதா?"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். பதில், 1982 ஜனவரி 13, வாஷிங்டன். ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737, கொட்டும் பனியில் எஞ்சின் ஆன்டி-ஐஸ் போடாமலே காத்திருந்து கிளம்பியது. எஞ்சின் முகப்பிலுள்ள அழுத்த உணரி ஐஸால் அடைபட்டது. உந்துவிசை மீட்டர் காட்டியது 2.04, உண்மையில் இருந்தது சுமார் 1.70. இறக்கையிலும் பனி. விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 78 பேர், அதில் 4 பேர் பாலத்தில் வண்டியில் இருந்தவர்கள்.

அந்தக் கூடுதல் ஐடிலை வீண் செலவுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

சாருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த இன்டர்னல்ல, கம்ப்ரஸர் காற்றில் 5 சதவீதத்தை வெளியே எடுத்தா அதே உந்துவிசைக்கு டர்பைன் வெப்பநிலை எவ்வளவு ஏறும்னு ஒரு கணக்கு கொடுங்க. ரெண்டு மார்க்ல இல்ல, பதிமூணு மார்க்ல.