ஆணிக்கும் கணக்கு உண்டு!

வால்பாறை மலை மேல் உள்ள ஊர். உயரம் சுமார் 3,500 அடி. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 64 கிலோ மீட்டர் போக வேண்டும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆணி முதல் சிமெண்டு வரை, பொள்ளாச்சியில் ஏற்றும் சரக்கெல்லாம் இந்த வளைவுகளில் ஏறித்தான் வர வேண்டும்.

ஜூன் மாதம் மழை பிடித்தால் எளிதில் விடாது. சாலையில் மண் சரிந்தால் லாரி நின்றுவிடும். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டின் கூரைத் தகடு காற்றில் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் திருகாணி கேட்டு ஓடி வருகிறார். "ஒரு பெட்டி இருந்ததே!" என்று கடைக்காரர் தட்டுத் தட்டாகத் தேடுகிறார். இல்லை. போன வாரமே தீர்ந்துவிட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை.

நிறைய வாங்கிக் குவிக்கலாமே என்றால், அதுவும் ஆகாது. மலையின் ஈரத்தில் சிமெண்டு கட்டி தட்டும். ஆணி துருப் பிடிக்கும். போட்ட முதலும் மூட்டைக்குள் முடங்கிக் கிடக்கும். கடன் வாங்கிச் சரக்குப் போட்டவருக்கு வட்டி மட்டும் முடங்காது!

காசு கேட்காத கணக்கப்பிள்ளை

இருப்புக் கணக்கு வைக்கக் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் பல உண்டு. சிலவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். காசு கேட்காதவையும் இருக்கின்றன. மும்பையின் 'ஃபிராப்பே' நிறுவனம் உருவாக்கிய 'ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்' அவற்றில் ஒன்று.

காசு இல்லை என்பது இதில் பாதி விஷயம்தான். இதன் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் கொள்கை இது. தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள். சந்தா கட்டத் தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளுமோ என்ற பயம் இதில் இல்லை. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, இது சின்ன விஷயமா?

ஹார்டுவேர் கடையின் தலைவலி அளவுதான். மின்கம்பி 90 மீட்டர் சுருளாக வரும். வாங்குபவர் 7 மீட்டர் கேட்பார். ஆணி கிலோவில் வரும், பிடியில் போகும். ஒரு சுருள் என்றால் 90 மீட்டர் என்று ஒரு முறை சொல்லிவிட்டால், மென்பொருள் தானே கழித்து மீதியைக் காட்டும்.

எப்போது சரக்கு வாங்குவது என்பதையும் அது நினைவூட்டும். ஒரு பொருள் தினம் 4 விற்கிறது, சரக்கு வர 5 நாள் ஆகிறது என்றால் 20 வேண்டும். கைகாவலுக்கு 10 சேர்த்து, இருப்பு 30 ஆனதும் ஆர்டர் போட வேண்டும். மழைக் காலத்தில் சரக்கு வர 10 நாள் ஆகுமானால் அந்த 30, 50 ஆக வேண்டும். இந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் தானாக அறியாது. மலையை அறிந்த கடைக்காரர்தான் சொல்லித்தர வேண்டும்.

2025 செப்டம்பர் 22-ல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய வரியில் வாங்கிய மூட்டை எத்தனை கையில் இருக்கிறது? அன்று காலை இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர்கள், ஒழுங்காக எழுதி வைத்தவர்கள்தான்.

செலவு எங்கே?

மென்பொருள் இலவசம், கம்ப்யூட்டர் இலவசம் அல்ல. அதை அமைத்துத் தருபவருக்குக் கூலி உண்டு. மின்சாரம் போனால் தாங்க பேட்டரி வேண்டும். கணக்கின் நகலைத் தினமும் எடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். மிகச் சின்னக் கடைக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் பெரிய சட்டை. 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவச மென்பொருளின் கட்டம் போட்ட தாளே அங்கே போதும்.

எதுவானாலும் முதல் வேலை எண்ணுவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, அப்பா எண்ண, அம்மா எழுத, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கம்ப்யூட்டரில் ஏற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. அதிகமாக விற்கும் 50 சாமான்களை முதலில் எண்ணினால் போதும். வாஷர் டப்பா அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.