சித்திரகுப்தன் தலையில் கட்டாதீர்கள்

2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச இரவோடு இரவாக மாலத்தீவுக்குத் தப்பியபோது காஞ்சிபுரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சுதான். "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும். முள்ளிவாய்க்கால் பாவம் சும்மா விடுமா?" பட்டுக்கடை முதலாளியும் சொன்னார், பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்கிறவரும் சொன்னார். இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. சொல்கிறவர்களின் வேதனையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போர்க்குற்றம் சுமத்தப்பட்டவர்களுக்கு இதைவிடத் தோதான பேச்சு வேறு கிடையாது.

கோத்தபய எதற்காக ஓடினார்? ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விவசாயத்தைக் கெடுத்ததற்காக. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் ஜனங்களை நாள்கணக்கில் வரிசையில் நிற்க வைத்ததற்காக. விரட்டியவர்களில் பலர் 2019-இல் அவருக்கே வோட்டுப் போட்டவர்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 2 அன்று கொழும்புக்குத் திரும்பிவிட்டார்; அரசு பங்களாவும் காவலும் கிடைத்தன. 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்களைப் பொறுப்பாக்கியதும் பொருளாதாரச் சீரழிவுக்குத்தான். 2009-இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரிடம் அங்கே நடந்ததைப் பற்றி எந்த நீதிபதியும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. இதைத்தான் தெய்வத்தின் தண்டனை என்கிறோம்!

யாழ்ப்பாணத்து மிருசுவிலை நினைத்துப் பாருங்கள். 2000 டிசம்பரில் அங்கே எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அதில் உண்டு. பதினைந்து வருடம் இழுத்து, 2015-இல் ராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அபூர்வமாக முடிவுக்கு வந்த ஒரு வழக்கு. 2020 மார்ச்சில் அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டவர் ஜனாதிபதி கோத்தபய. அன்றைக்குத் தெய்வம் எங்கே நின்றுகொண்டிருந்தது?

நம் ஊர் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் நெரியும். எல்லாம் அவன் கணக்கில் இருக்கும் என்கிறவர்கள் அந்தச் சிலையின் கையைப் பார்க்கட்டும்: ஏடும் எழுத்தாணியும். எமன்கூட யாரையும் விசாரிக்காமல் எண்ணெய்க் கொப்பரையில் தள்ளுவதில்லை. ஆளை எதிரே நிறுத்தி, இன்ன நாளில் இன்னாருக்கு இன்னது செய்தாய் என்று கணக்கை வாசித்த பிறகுதான் தண்டனை. நீதிமன்றம் வேண்டும் என்கிறவனைவிட, தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்கிறவன்தான் அந்தப் புராணத்துக்குத் துரோகம் செய்கிறான்.

கணக்கை எழுதுவது யார் என்பதும் முக்கியம். எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தை எடுக்காமல் திருப்பிக் கொடுத்தேன் என்று கைலாசநாதர் கோயில் தூணில் கன்னடத்தில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். படையெடுத்தவனே தனக்கு எழுதிக்கொண்ட நற்சான்று. நாம் மட்டும் யோக்கியமா? வாதாபியை அழித்த பல்லவனை 'வாதாபி கொண்டான்' என்று கொண்டாடுகிறோம். வாதாபியில் செத்தவர்களைப் பற்றி நமக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஒரு சிவிலியன்கூடச் சாகாத மனிதாபிமான நடவடிக்கை என்று கொழும்பு சொன்னதும் இந்த வகைக் கல்வெட்டுத்தான். ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் வேறு கணக்கு எழுதியது: கடைசி மாதங்களில் 40,000 சிவிலியன்கள் வரை இறந்திருக்கக்கூடும், பெரும்பாலானோர் அரசப் படையின் குண்டுவீச்சில். தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நம் மேடைகளில் இந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. விசாரணை வேண்டுமென்றால் இரண்டையும் கேட்கத்தான் வேண்டும்.

விசாரணை என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் போதும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அந்த வழக்கின் குறைகளைப் பற்றி எனக்கும் நிறையக் கோபம் உண்டு. ஆனாலும் யார் செய்தது, யார் செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க ஓர் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணிப் புதைகுழியில் 2025-இல் தோண்டத் தோண்ட 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிப்பை ஒன்றும் வந்தது. அந்தப் பிள்ளையைப் புதைத்தவன் பெயரை எந்தப் பாவ புண்ணியமும் சொல்லாது.

ஜெயித்தவனை யார் கூண்டில் ஏற்றுவது என்கிறீர்கள். சாட் நாட்டை எட்டு வருடம் ஆட்டிப்படைத்த ஹிசேன் ஹப்ரே 1990-இல் செனகலுக்கு ஓடி, டக்காரில் சௌகரியமாகவே வாழ்ந்தார். தெய்வம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவருடைய சிறையிலிருந்து உயிரோடு வந்த சூலைமான் கெங்கெங் என்பவர் சக கைதிகளின் வாக்குமூலங்களை 700-க்கும் மேல் திரட்டி வீட்டில் ஒளித்து வைத்தார். 2001-இல் ரகசியப் போலீஸின் கோப்புகளே குவியலாகக் கிடைத்தன. 2016-இல் டக்காரிலேயே தீர்ப்பு வந்தது: ஆயுள் சிறை.

நம் விஷயத்திலும் ஏடு தயாராகிறது. 2021 முதல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைத் திரட்டிவருகிறது. இலங்கை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு. ஆகவே வழக்கு நடக்க மற்ற நாடுகள் நெருக்க வேண்டும். நம் நாடு என்ன செய்தது? போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்துக்குக் கை தூக்கியது. 2012-லும் 2013-லும் கொழும்புக்கு எதிராக வாக்களித்தது. 2014, 2021, 2022 மூன்று முறையும் ஒதுங்கிக்கொண்டது. தமிழகச் சட்டசபை 2011-லேயே தீர்மானம் போட்டும் இந்த லட்சணம். அடுத்த முறை நம் எம்.பி. வோட்டுக் கேட்டுத் தெருவுக்கு வரும்போது, சாக்கடையையும் குடிநீரையும் கேட்டு முடித்த கையோடு, ஜெனீவாவில் இந்தியா ஏன் ஒதுங்கியது, அதற்காகப் பார்லிமென்ட்டில் நீங்கள் எத்தனை முறை எழுந்து நின்றீர்கள் என்றும் கேளுங்கள்.