இலை சிவக்கும் காலமும் பறவை வரும் காலமும்



கேளம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி நமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருக்கிறார். அமெரிக்காவில் வாழும் அவருடைய கொழுந்தனார் ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மனைவி மக்களுடன் மரங்களின் இலைகள் நிறம் மாறும் காட்சியைக் காணப் புறப்பட்டுவிடுவாராம். படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகிய யாவும் ஒரே ஊர்தியில் அமைந்தது அவ்வண்டி. அவர் அனுப்பிய படங்களைக் கண்ட பிள்ளைகள், “நாமும் போவோம்” என்று நச்சரிக்கிறார்களாம். கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஒரு வேன் பேசிக்கொண்டு ஒருநாள் பயணம் செல்ல அக்குடும்பம் விழைகிறது. எங்குச் செல்லலாம் என்பது அவருடைய முதற் கேள்வி.

இரண்டாவது கேள்வி மடலின் இறுதியில், சற்றுத் தயக்கத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. “எழுபத்தெட்டு வயதான என் அத்தையை அன்று ஒருநாள் மட்டும் உறவினர் வீட்டில் விட்டுச் செல்லலாமா? அவர்கள் வந்தால் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும், பிள்ளைகளின் மகிழ்ச்சி குன்றும் என்கிறார் என் கணவர்.”

இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க நமக்கு மனமில்லை. ஒன்றுக்குக் கூறும் விடையே மற்றதற்கும் விடையாகும் என்று எண்ணுகிறோம்.

முதலில் அமெரிக்க நாட்டு இலைகளைப் பற்றி இரண்டு சொற்கள். கோடை முழுவதும் இலைக்குப் பசுமை தருவது அதிலுள்ள பச்சையம். பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கும்போது, மரம் புதுப் பச்சையத்தை ஆக்குவதை நிறுத்திவிடுகிறது. பழையது சிதைந்து மறைகிறது. அதுகாறும் பசுமையின் அடியில் மறைந்து கிடந்த மஞ்சளும் கிச்சிலி நிறமும் அப்போது வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற சில மரங்களில், இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறம் புதிதாகவே பிறக்கிறது. இம்மாற்றம் பொதுவாக வடக்கிலிருந்து தெற்காகவும், மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கு நோக்கியும் மெல்ல மெல்ல நகர்ந்து வரும். வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் செப்டம்பர் இறுதியிலேயே நிறம் ஏறத் தொடங்கிவிடும். தெற்கே வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் மலை முகடுகளில் 469 மைல் நீளம் செல்லும் ‘புளூ ரிட்ஜ் பார்க்வே’ என்னும் சாலையில் அது அக்டோபரில் முழுமை பெறும். மக்கள் பல மாதங்களுக்கு முன்பே வண்டியும் தங்குமிடமும் பதிவு செய்துகொண்டு காத்திருப்பர். ஆயினும் ஓரிரவுப் புயற்காற்று போதும், அத்தனை வண்ணமும் தரையில் உதிர்ந்துவிடும்! பணம் படைத்தவரும் அங்கே இலையின் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவரே.

நம் நாட்டில் அக்காட்சி கிட்டுமா? கிட்டாது. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். அது நமக்கு வடகிழக்குப் பருவமழையின் காலம். இலைகள் உதிரும் காலமன்று, தழைக்கும் காலம். நம் காட்டு மரங்கள் பலவும் மழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கின்றன. ஆயினும் பிள்ளைகள் ஏமாற வேண்டியதில்லை. கடலோர ஊர்களின் கோவில் வளாகங்களிலும் பள்ளி முற்றங்களிலும் குடைபோல் விரிந்து நிற்கும் நாட்டு வாதுமை மரத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். அதன் அகன்ற இலைகள் உதிருமுன் செக்கச் சிவந்துவிடும். நம் பகுதியில் அம்மரம் ஆண்டுக்கு இருமுறைகூட இலை உதிர்ப்பதுண்டு. வெர்மான்ட் செல்ல இயலாத குழந்தை, வாதுமையடியில் நின்று அதே வியப்பை ஓரளவேனும் பெறலாம்.

இலைகள் நமக்குத் தராத பெருங்காட்சியைப் பறவைகள் தருகின்றன. செங்கற்பட்டு மாவட்டத்தில் வாழ்வோர் இதற்காக இறைவனுக்குத் தனியே நன்றி கூற வேண்டும். பருவமழையால் ஏரி நிரம்பியதும் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரத் தொடங்கும். நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், பாம்புத்தாரா முதலியன கிளைக்குக் கிளை கூடு கட்டும். மார்கழி, தை மாதங்களில் கூட்டம் மிகும். குஞ்சுகள் வளர்ந்து பறந்த பின், வேனிலில் அவை கலைந்து செல்லும். அங்குக் கூடு கட்டுபவை யாவும் கடல் கடந்து வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவை பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துப் பறவைகளே. வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கு விருந்தினர் மட்டுமே. அவை இங்குக் கூடு கட்டுவதில்லை.

இப்பறவைகள் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பதற்கு எளிய உழவர் பெருமக்களே காரணர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயப் படைவீரர் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் வாளாவிருந்தாரல்லர், ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போது ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து ஆணையிட்டார். மதுராந்தகம் ஏரிக்கரையைப் பற்றிய கதைகளில் நாம் கேட்கும் அதே பிளேஸ் துரைதான் அவர். பின்னர் 1858-இல் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அவ்விடம் பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அதனை அடுத்துள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றன.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகிறது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். ஆகவே அவர்களுக்கும் அதில் ஆதாயம் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஏரியையும் அதன் மரங்களையும் பறவைகளுடன் பகிர்ந்துகொண்டார்களே, அதுவன்றோ பெரிது! வருகிற உயிருக்கு ஏற்பத் தங்கள் வாழ்வைச் சற்று அமைத்துக்கொண்டனர். அங்குச் செல்கிற நாமும் அதைத்தான் கற்றுவர வேண்டும்.

நாரை தன் காலத்தை அறிந்திருக்கிறது, இறைமக்களோ தம் ஆண்டவரின் நெறியை அறியாதிருக்கின்றனர் என்று இறைவாக்கினர் எரேமியா வருந்தியதை நாம் எட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் கணினி நிறுவனங்கள் எழுந்துவிட்ட இந்நாளில், ஒரே கூரையின்கீழ் வாழும் கணவனும் மனைவியும் ஒரே வேளையில் உண்பது அரிதாகிவிட்டது. ஒருவர் உறங்கும்போது மற்றவர் பணிக்குப் புறப்படுகிறார். பிள்ளைகள் சிறப்பு வகுப்பில் இருக்கின்றனர். வீட்டில் எந்நேரமும் இருப்பவர் பாட்டி ஒருவரே. பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பவரும், மாலைச் செபத்திற்கு விளக்கேற்றுபவரும் அவரே. எல்லாரும் ஒன்றாய் இருக்கப்போகும் அந்த ஒரு நாளில் அவரை மட்டும் வேறு வீட்டில் விடுவது முறையாகுமா?

கணவர் கூறுவதிலும் உண்மை இல்லாமல் இல்லை. முதியவரை அழைத்துச் சென்றால் பயணம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பறவை பார்க்கச் செல்வோருக்கு மெதுவாகச் செல்வது ஒரு குறையா? ஓடுகிறவனுக்குப் பறவை அகப்படாது. கரையில் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கே அது காட்சி தரும். அத்தகைய பொறுமை அவ்வீட்டில் பாட்டிக்கே மிகுதியாக இருக்கும். பிள்ளைகளை அவர் அருகில் அமர்த்துங்கள். நாரையும் நீர்க்கோழியும் வயலெங்கும் திரிந்த காலத்துக் கதைகள் அவரிடம் இருக்கக்கூடும். எந்த வழிகாட்டியாலும் அவற்றைக் கூற இயலாது.

பயணத்தை எப்படி அமைக்கலாம் என்பதையும் கூறிவிடுகிறோம். புறப்படும் நாளை முடிவு செய்யுமுன், அவ்வாண்டு ஏரி நிறைந்துள்ளதா, சரணாலயம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைந்தே வரும். கூடுமானவரை வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள்; கூட்டம் குறைவாயிருக்கும். ஞாயிறு அன்றுதான் இயலும் என்றால், திருப்பலியை முடித்துக்கொண்டே புறப்படுங்கள். குடும்பத் தலைவர் இரவுப் பணி முடித்த மறுநாளே செல்லத் திட்டமிட வேண்டாம். மஞ்சள் எண்பலகை கொண்ட வாடகை வேனையே அமர்த்துங்கள். அதில் ஏறும் படி தாழ்வாக உள்ளதா என்று முன்னதாகவே பாருங்கள். முதல் இருக்கை பாட்டிக்கு.

காலை எட்டு மணிக்குக் கேளம்பாக்கத்தை விட்டால் திருப்போரூர், செங்கற்பட்டு வழியாகப் பெருஞ்சாலையை அடைந்து, மதுராந்தகம் கடந்து அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திற்கு முற்பகலிலேயே சென்றுவிடலாம். மலையேற இயலாதவர் அடிவாரத்தில் அமர்ந்து செபமாலை சொல்லட்டும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு சென்ற புளியோதரையையும் தயிர்ச் சோற்றையும் அங்கு நிழலில் உண்ணலாம். ஓட்டுநரும் உங்களுடன் அமர்ந்து உண்ணட்டும். அவருக்குச் சற்று ஓய்வும் கொடுங்கள். பின்னர் பெருஞ்சாலையில் திரும்பி வந்து, படாளம் அருகே பிரியும் சாலையில் சென்றால் பிற்பகல் மூன்று மணியளவில் வேடந்தாங்கல். இரை தேடச் சென்ற பறவைகள் கூட்டங்கூட்டமாய்க் கூடு திரும்பும் மாலை வேளையே அங்குச் சிறந்த வேளை. கரையோரம் நடைபாதை உள்ளது, ஆங்காங்கே அமரலாம். உரத்த பேச்சு, ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் பை ஆகிய மூன்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். முதியவரின் மருந்துப் பையும் குடிநீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அவ்வளவு தொலைவு அவருடைய உடல்நிலை இடங்கொடாது என்று மருத்துவர் கூறினால்? அப்போதும் வழியுண்டு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கு வாத்தினங்கள் வந்திறங்கும். நீர் வற்றி ஆழம் குறையும்போது பூநாரைகளும் வருவதுண்டு. சில நிமிடப் பயணம்தான். வண்டியில் அமர்ந்தவாறே காணலாம். அப்படியே கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் மன்றாடிவிட்டுத் திரும்பலாம். தொலைவு குறைந்தால் மகிழ்ச்சி குறைந்துவிடாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் வாயிலாகப் படைப்பைப் பேணுமாறு நம்மை அழைத்தார். அவரே 2021-இல், ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். இவ்விரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து பிறந்தவை. நம் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாத எவரையும், எதனையும் விட்டுச் செல்லலாகாது என்பதே அவற்றின் பொருள்.

ஆகவே, அன்புச் சகோதரி, உங்கள் கணவரிடம் இம்மடலைக் காட்டுங்கள். நாளையும் இடத்தையும் முடிவு செய்யுமுன் இருவருமாக அத்தையிடம் சென்று, “எப்போது போகலாம், அம்மா?” என்று கேளுங்கள். அவர் “நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றுதான் முதலில் கூறுவார். அதை நம்பிவிடாமல் இரண்டாம் முறையும் கேளுங்கள்.